நிழற்கொல்லைக்கு எந்த மூங்கில்?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களின் நெடும்பட்டியலுள் மூங்கில் இருமுறை இடம்பெறுகிறது. ஓரிடத்தில் அதன் பெயர் வேரல்; மற்றோரிடத்தில் உந்தூழ். வேரல் சிறுமூங்கில் என்றும் உந்தூழ் பெருமூங்கில் என்றும் உரைகாரர் பொருள் கண்டனர். தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்க வந்த புலவர், கணக்கை நிரப்புவதற்காக ஒரே செடியை இருமுறை எண்ணினார் என்று கொள்வதற்கில்லை. மலைவாழ் மக்களுக்கு அவை இரு வேறு செடிகள். நிற்கும் இடம் வேறு, பயன் வேறு. வேய், கழை, அமை, வெதிர், பணை என்று மேலும் பல பெயர்கள் நம் இலக்கியத்தில் உண்டு. இன்றைய நகரத்திலோ எஞ்சியிருப்பது ஒரே சொல். நர்சரிக்குச் சென்று ‘வீட்டுக் கொல்லையில் வைக்க ஒரு மூங்கில் கொடுங்கள்’ என்று கேட்பவர்க்குக் கிடைப்பது வேரலா உந்தூழா என்பதை வாங்குபவரும் அறியார்; பல நேரங்களில் விற்பவரும் அறியார். புதுச்சேரி நகரத்துக் கொல்லைகளில் மூங்கிலால் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த அறியாமையில் தொடங்குகின்றன.

கொல்லையில் மூங்கில் வேண்டும் என்ற விருப்பம் இந்நகரில் ஏன் எழுந்தது என்பதை முதலில் காண வேண்டும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியின் பழைய வீடு தெருவோரத் தாழ்வாரத்தில் தொடங்கும். அதனை அடுத்துத் திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை. இறுதியில் கிணறும் துவைகல்லும் உள்ள கொல்லை. முன்புறம் தெருவுக்கு உரியது, பின்புறம் பெண்களுக்கு உரியது என்னும் எழுதாத வரையறை ஒன்று இருந்தது. வடகம் காய வைப்பதும், தலை ஆற்றுவதும், அண்டை வீட்டாருடன் சுவருக்கு மேல் பேசுவதும் அங்கேதான். சுற்றியிருந்த வீடுகள் யாவும் ஒரு தளமோ இரு தளமோ உடையவை ஆதலின், கொல்லைக்கு வெயிலும் குறைவில்லை, மறைவும் குறைவில்லை.

அவ்வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் மூன்று, நான்கு தளக் கட்டடங்கள் எழுந்தபோது கொல்லை இரண்டையும் ஒருசேர இழந்தது. பக்கத்துச் சுவர் வெயிலை மறைத்தது. அச்சுவரின் சன்னல்கள் கொல்லைக்குள் பார்த்தன. இடிக்காமல் பழைய வீட்டைக் காத்து வந்த குடும்பத்தினர்க்கு இது ஒரு தண்டனை போலவே அமைந்தது. கொல்லைக்கு வருவதையே வீட்டுப் பெண்கள் குறைத்துக்கொண்ட இல்லங்கள் உண்டு. மதிலை உயர்த்தினால் காற்றும் போகும். மரம் வைத்தால் ஆண்டுகள் பல ஆகும். எனவே, விரைந்து வளர்வதும் இலையடர்வதும் ஒடுங்கிய இடத்தில் நிற்பதுமான ஒன்றைத் தேடியவர்களின் எண்ணம் மூங்கிலில் சென்று நின்றது. எண்ணம் தவறன்று. தவறு நேர்வது தேர்வில்.

மூங்கில் மரமன்று, புல். இதனை அறிவியலார் இன்று பாடநூலில் எழுதுகின்றனர்; தொல்காப்பியர் மரபியலில் முன்பே வகுத்துவிட்டார். வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், உட்புறத்தே அமைந்தவற்றை மரம் என்றும் பிரிப்பது அவர் காட்டும் மரபு. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரம் என்ற சொல்லுக்குள் அடக்கிற்று. அதனால் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்வோரும் வனத்துறையின் விதிகளுக்கு உட்பட நேர்ந்தது. அந்தப் பொருள் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் தொண்ணூறு ஆண்டுகள் மிச்சப்பட்டிருக்கும் என்று தமிழாசிரியர்கள் நகையாடுவதில் நியாயம் உண்டு.

புல் என்ற அந்த ஒரு சொல்லில் கொல்லைக்காரர் அறிய வேண்டியவை பல அடங்கியுள்ளன. மண்ணிலிருந்து வெளிவரும் முளை எவ்வளவு பருமனோ, கழி முதிர்ந்த பின்னும் அவ்வளவே பருமன். மரம்போல் ஆண்டுதோறும் தடிப்பதில்லை. முளை கிளம்பிய சில மாதங்களிலேயே கழி தன் முழு உயரத்தை எட்டிவிடும். அதன் பிறகு கிளைத்து இலை விடுமே அன்றி மேலும் உயராது. உயர்வது அடுத்த ஆண்டின் புது முளை. ஆகவே நட்ட ஆண்டில் இடுப்பளவு நின்ற செடியைக் கண்டு, இது இவ்வளவே வளரும் வகை என்று எண்ணுதல் கூடாது. நர்சரியின் கறுப்புப் பையில் வேரலும் உந்தூழும் ஒரே உயரந்தான். புல் எதுவும் நீரும் எருவும் வெயிலும் வேண்டுவது. இம்மூன்றில் வெயில் குறைவதே நிழற்கொல்லையின் சிக்கல்.

நிழல் என்று பொதுவாகச் சொன்னாலும், அது ஒரு தன்மையது அன்று. மாமரத்தடியின் நிழல் வேறு, மதிலடியின் நிழல் வேறு. மரநிழலில் நாள் முழுதும் சிதறிய ஒளி விழுந்துகொண்டே இருக்கும். மண்ணுக்குள் மட்டும் மரத்தின் வேர் முன்னமே இடம் பிடித்திருக்கும். மதில் நிழலில் மண் வேரற்றுக் கிடக்கும். வெயிலோ சில மணி நேரம் முழுமையாக வரும், பிறகு முற்றும் மறையும். நகரத்துக் கொல்லைகளில் மிகுதியாக இருப்பது இந்த இரண்டாம் வகை.

இதில் திசையின் பங்கு பெரிது. புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மாதம் 22ஆம் நாளை ஒட்டியும், ஆகஸ்டு 21ஆம் நாளை ஒட்டியும் நண்பகல் ஞாயிறு இந்நகரின் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் வெயில் வடபுறமிருந்து விழும். எஞ்சிய எட்டு மாதங்களில் தென்புறமிருந்து விழும். 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடம் டிசம்பர் நண்பகலில் தன் வடக்கே ஏறத்தாழ 7 மீட்டர் தொலைவுக்கு நிழல் பரப்பும். அதே கட்டடம் ஜூன் நண்பகலில் தன் தெற்கே 2 மீட்டர் அளவுக்கே நிழல் தரும். ஆகவே வீட்டுக்கு வடக்கே அமைந்த 7 மீட்டர் கொல்லை மார்கழியில் நண்பகலிலும் இருண்டு கிடக்கும். அதுவே வைகாசியில் கல் சுடும் வெயிலில் வேகும். கார்த்திகை மாதத்தில் பார்த்துவிட்டு ‘எங்கள் கொல்லை முழு நிழல்’ என்று உறுதி சொல்பவரும், சித்திரையில் பார்த்துவிட்டு ‘நல்ல வெயில் படும்’ என்பவரும் பாதி உண்மையே சொல்கின்றனர். 1690களில் டச்சுக்காரர் ஆட்சியில் வரையப்பட்ட நேர்கோட்டுத் தெருவமைப்பு இந்நகருடையது ஆதலின், எந்தத் தெருவில் எந்த வரிசையில் வீடு உள்ளது என்று தெரிந்தாலே கொல்லை எத்திசையில் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கூறிவிடலாம்.

செடி வாங்குமுன் செய்ய வேண்டியது எளிது. ஆயினும் அதைச் செய்வோர் சிலரே. நடக் கருதிய இடத்தில் ஒரு கல்லை வைத்து, காலை முதல் மாலை வரை அக்கல்மேல் நேர்வெயில் படும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். மார்கழியில் ஒருநாளும் வைகாசியில் ஒருநாளும் குறித்தால் போதும். இரண்டிலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் தேர்வுக்கு இடம் விரிவு. மூன்று நான்கு மணி என்றால் தேர்வு மிகச் சுருங்கும். இரண்டு மணிக்கும் குறைவு என்றால் மூங்கிலை மறந்துவிடுவதே நன்று.

நிழலில் வளரும் மூங்கிலே உலகில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்க வெப்பக் காடுகளின் தரையில், பெருமரங்களின் அடியில், முழங்கால் அளவே வளரும் மென்மூங்கில்கள் நூற்றுக்கு மேற்பட்ட வகையாக இருக்கின்றன. அவை நம் ஊர் நர்சரிகளில் கிடைப்பவை அல்ல. சப்பான் நாட்டின் குட்டை மூங்கில்களான சாசா போன்றவையும் நிழலை ஏற்பவை. ஆயின் அவை குளிர்நாட்டுச் செடிகள், புதுச்சேரியின் மே மாதம் அவற்றுக்கு ஒவ்வாது. நமக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், ஓடைக்கரை ஓரமாக அடர்ந்து நிற்கும் ஒக்லாண்டிரா என்னும் நாணல் மூங்கில் உண்டு. மலையாள நாட்டார் அதனை ஈற்ற என்பர். பாயும் கூடையும் முடைவர். மர நிழலில் வளரப் பழகியதுதான். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் கசியும் மண்ணும் ஈரக் காற்றும் அதற்கு வேண்டும். ஆண்டுமழை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டராயினும், அதன் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பெற்றுவிட்டு, எஞ்சிய மாதங்களில் வானத்தைப் பார்த்திருக்கும் இக்கடற்கரைக்கு அதனைக் கொணர்தல் மீனைத் திண்ணையில் வளர்ப்பதை ஒக்கும்.

இனி, வேரின் இயல்பு. மூங்கில்களுள் புதர்கட்டி நிற்பவை ஒரு பிரிவு. மண்ணுக்கடியில் நீண்டோடி, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுபவை மற்றொரு பிரிவு. தென்னாட்டுக் காட்டு மூங்கில்கள் புதர்கட்டுபவை. ஓடுபவை பெரும்பாலும் சீன, சப்பான் நாட்டுக் குளிர்ப்பகுதிகளுக்கு உரியவை. கருமூங்கில் என்று ஆசைகாட்டி விற்கப்படும் பைலோசுடாக்கிசு நைகிரா இந்த ஓடும் பிரிவைச் சேர்ந்தது. வெப்பத்தில் அது நலிந்து நிற்கவும் கூடும். தழைத்தால் மதிலுக்கு அடியில் நுழைந்து அண்டை வீட்டுக் கொல்லையில் முளைக்கவும் கூடும். நலிந்தால் பணம் போகும். தழைத்தால் நட்பு போகும். கரிய தண்டே வேண்டும் என்பார்க்குச் சாவகத்துக் கருமூங்கில் ஒன்று இருக்கிறது. அது புதர்கட்டுவது, வெப்பநாட்டுக்கு உரியது. ஆயினும் 10 மீட்டருக்கு மேல் எழுவதும் நல்ல வெயில் வேண்டுவதுமான அது நிழற்கொல்லைக்குப் பொருந்துவதன்று.

புதர்கட்டுவன யாவும் ஏற்றவை என்று கொள்ளுதலும் பிழை. நம் முள்மூங்கில் 20, 30 மீட்டர் வரை உயரும். அதன் அடிப்பகுதி முட்கிளைகள் பின்னிய கோட்டை. அது மலைக்கும் ஆற்றங்கரைக்கும் உரிய உந்தூழ். கல்மூங்கில் வறட்சியைத் தாங்கும், உறுதியானது; ஆனால் அது திறந்த வெயிலின் பிள்ளை. இலங்கையின் பேராதனைப் பூங்காவில் மகாவலி ஆற்றின் கரையில் நிற்கும் பேரூருவ மூங்கிலைக் கண்டு வந்தோர், அதன் கன்று எங்கே கிடைக்கும் என்று உசாவுவதுண்டு. யானையைக் கண்டு வியந்தவர் அதனை வீட்டில் கட்ட நினைப்பதில்லை. மூங்கிலில் மட்டும் அந்த எச்சரிக்கை ஏனோ தோன்றுவதில்லை.

மிகுதியாக விற்பனையாவது மஞ்சள் மூங்கில். பொன்னிறக் கழியில் பச்சைக் கோடு இழைத்த அழகு அதன் விற்பனைக்குப் போதுமானது. 10 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை உயர்ந்து, கைப்பிடிக்கு அடங்காத பருமன் கொள்ளும் அதனை 4 மீட்டர் அகலமுள்ள கொல்லையின் மூலையில் நட்டவர்கள் இந்நகரில் பலர். நிழலில் அது ஒளி நாடிச் சாயும். சாயும் பக்கம் எப்போதும் அண்டை வீட்டின் பக்கமாகவே அமைவது கொல்லைகளின் ஊழ். மொட்டைமாடியில் சருகு குவியும். மழைநீர் இறங்கும் குழாயை அது அடைக்கும். ஐப்பசி மழையில் மாடியில் நீர் தேங்கும். அதன்பின் இரு வீட்டார்க்கும் பேச்சு நிற்கும். பொன்னிறமும் நிழலில் மங்கிவிடும். எதற்காக வாங்கப்பட்டதோ அதுவும் இல்லாமற் போகிறது.

புத்தர் வயிற்று மூங்கில் எனப்படுவது தொட்டிக்கு நன்று. கணுவிடைகள் பானை வயிறுபோல் உப்பி நிற்பதே அதன் கவர்ச்சி. ஆனால் அப்பெயரில் விற்கப்படுபவற்றுள் ஒரு வகை, தொட்டியில் வேர் நெருங்கி நீர் குறைந்து வருந்தும்போதுதான் வயிறு வைக்கும்; தரையில் நட்டு நன்றாக நீர் வார்த்தால் தொந்தி கரைந்து நேராக உயர்ந்துவிடும். ஊட்டினால் மெலியும் உயிர் அது ஒன்றே போலும்.

தாய்லாந்துப் பௌத்த மடங்களைச் சுற்றி வளர்க்கப்படுவதால் மடாலய மூங்கில் என்று பெயர் பெற்ற வகை, நெருக்கமாக நின்று குறைந்த இடத்தையே கொள்வது, இலை நுண்ணியது, சருகு கனமற்றது. ஆயினும் 8 மீட்டருக்கு மேல் உயரும், வெயிலும் வேண்டும். தெற்கே திறந்த, சற்றே அகன்ற கொல்லையுடையார் அதனைக் கருதலாம்.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிய பின் மூன்று நான்கு மணி நேர வெயிலுடைய கொல்லைக்கு எஞ்சி நிற்பது ஒன்றே. அது பாம்பூசா மல்டிபிளெக்சு என்னும் வேலி மூங்கில். இன்றைய கொல்லையின் வேரல் என்று இதனைச் சொல்லலாம். சங்கப் பாடல் கூறும் செடி இதுவே என்பதன்று. இது சீனத்தையும் இந்தோசீனத்தையும் சார்ந்தது. சிறுமூங்கில் என்னும் இலக்கணம் இதற்குப் பொருந்துகிறது. போர்த்துக்கீசியப் பாதிரியார் லூரெய்ரோ, தாம் பல்லாண்டு வாழ்ந்த கொச்சின்சீனத்தின் தாவரங்களைப் பற்றி 1790இல் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியற் பெயர் தந்தார். புதுச்சேரிக் குடும்பங்கள் பல பிரெஞ்சு அரசுப் பணியின் பொருட்டுச் சைகோனுக்குச் சென்று வாழ்ந்து திரும்பியவை. அம்மண்ணின் மூங்கில் இம்மண்ணுக்கு ஏற்றதாயிருத்தல் கேட்க இனிமையாக இருக்கிறது.

இதன் கழி விரற்பருமனே. சிறிது மிகினும் மிகலாம். உயரம் வகைக்கேற்ப 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை. முள் இல்லை. அடிமுதல் கிளைத்து இலை மூடி நிற்கும் ஆதலின், வேண்டிய மறைப்பு தரைமட்டத்திலிருந்தே கிடைக்கும். பெருமூங்கில்களோ அடியில் வெறுங்கழியாக நின்று, மறைப்பு வேண்டாத உயரத்தில் இலை விரிப்பவை. தலையைக் கத்தரித்தால் பொறுத்துக்கொள்ளும். வேரும் ஓடாது. பகுதி நிழலைத் தாங்கும் இயல்பு, வெப்பநாட்டு மூங்கில்களுள் இதற்குச் சற்றுக் கூடுதல்.

இவ்வினத்துள் இரு வகைகள் இந்நகருக்குத் தனித்த உறவுடையவை. ஒன்று அல்போன்சு கார். 1808 முதல் 1890 வரை வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளரின் பெயர் அது. நாவல்கள் எழுதியவர், ‘குளவிகள்’ என்று பொருள்படும் பெயரில் அங்கத இதழ் நடத்தியவர், 1850களில் பாரிசை விட்டு நீங்கி, நீசு நகரில் பூந்தோட்டம் அமைத்து மலர் வணிகம் செய்தவர். எழுத்தாளர் ஒருவர் பெயர் மூங்கிலுக்கு வைக்கப்பட்டிருப்பது இலக்கிய அவைக்கு உவகை தரும் செய்தி. இதன் இளங்கழி செம்மை படர்ந்த மஞ்சள். ஒழுங்கற்ற பச்சைக் கோடுகள் உடையது. மஞ்சள் மூங்கிலின் அழகை விரும்பி, அதன் பேருருவுக்கு அஞ்சுவோர்க்கு இதுவே விடை. ஓரளவு வெயில் இருந்தால் நிறம் துலங்கும்.

மற்றொன்று இரிவியேரோரம். அல்ஜீர்சு நகரின் ஆய்வுத் தோட்டத்தில் பணிபுரிந்து, 1878இல் மூங்கில்களைப் பற்றி நூல் எழுதிய இரிவியேர் தந்தையும் மகனும் அப்பெயர்க்கு உரியோர். இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை, சிலபோது அதனினும் சற்று மிகுதியாக வளர்வது. கழி உள்ளீடற்றதன்று, கெட்டி. இலைகள் சிறு பெரணி ஓலைபோல் இரு வரிசையாக அடுக்கி, நுனி வளைந்து தொங்கும். மாடிச் சன்னலை மறைக்க இது உதவாது. துவைகல்லுக்கும் கிணற்றுக்கும் இடையே ஒரு திரை வேண்டும் என்றால் இதற்கு நிகரில்லை. ஒடுங்கிய கொல்லையில் நிற்பவற்றுள் அழகு மிக்கது எது என்று கேட்டால் அல்போன்சு காரைவிட இதனையே கூறத் தோன்றும்.

மூங்கில் அல்லாத இரண்டு, அப்பெயரால் விலையாவதையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் குவளையில் நீரில் நிற்கும் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ ஆப்பிரிக்கச் செடி. நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தது. தொட்டியில் அடர்ந்து நிற்கும் ‘குட்டி மூங்கில்’ என்பது போகோனாத்தீரம் என்னும் சிறுபுல். வெயில் இரண்டு மணிக்கும் குறைந்த கொல்லைக்கு, மூங்கிலின் சாயல் மட்டும் போதும் என்றால், முன்னதைத் தொட்டியில் வைக்கலாம். பொய்ப்பெயர் என்று தெரிந்து வைத்தால் குற்றமில்லை.

பெயர்க்குழப்பம் விற்போரின் சூழ்ச்சியால் மட்டும் வருவதன்று. செடிகளை அறிவியலார் மலர் கொண்டே பெரிதும் வகுக்கின்றனர். மூங்கில் வகை பலவும் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பவை. பூவில்லாத நிலையில் முளையைப் போர்த்திருக்கும் உறையின் வடிவமும் மயிரும் கொண்டு அடையாளம் காண வேண்டும். கன்றில் அதுவும் தெளிவாக இராது. ஆதலின் கன்றை மட்டும் பார்க்காமல், அது எடுக்கப்பட்ட தாய்ப்புதரைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குதல் அறிவுடைமை. நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் செம்மண் மேட்டிலும் வளர்ந்த புதர்களைக் காண வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே திறந்த வெளியில் செழித்து நிற்பது, நகரத்து மதிலடியிலும் அவ்வாறே நிற்கும் என்று முடிவு கட்டுதல் ஆகாது.

பூத்தல் பற்றிய அச்சம் தமிழரிடம் பழையது. மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பர். மிசோரம் மலைகளில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கொருமுறை ஒருசேரப் பூக்கும் மூங்கிலின் கனியைத் தின்று எலிகள் பெருகி, பின்னர்ப் பயிரையும் தின்றழித்ததால் 1959இல் பஞ்சம் நேர்ந்தது வரலாறு. எனவே அச்சொல் வெறும் மூடநம்பிக்கை அன்று. மறுபுறம், பறம்பு மலை முற்றுகையிடப்பட்டபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் உணவுகளுள் முதலாவதாகக் கபிலர் எண்ணியது மூங்கில் நெல்லை. ஒரே பூப்பு ஓரிடத்தில் பஞ்சம், ஓரிடத்தில் உணவு. கொல்லைக்காரர்க்கு இதில் கவலை ஒன்றே: முள்மூங்கிலும் கல்மூங்கிலும் பூத்து விதைத்தபின் புதர் முழுதும் மடிந்துவிடும். வேலி மூங்கில் பூப்பது அரிது.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் இந்நகரில் மூங்கிலைப் பற்றிப் பேச முடியாது. நோய் பரப்பும் கொசுக்களை ஆராயும் நடுவண் நிறுவனம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஆயினும் வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை ஒரு நீர்க்கிண்ணம் என்பதைக் கொல்லை வைத்திருப்போர் பலர் உணர்வதில்லை. கணுவுக்கு மேலே நான்கு விரல் விட்டு வெட்டினால் அக்குழியில் மழைநீர் நிற்கும். டெங்கியைப் பரப்பும் ஏடிசு கொசு இத்தகைய சிறு குழிகளையே நாடி முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். கணுவை ஒட்டி, அதற்குச் சற்று மேலே, நீர் தங்க இடமின்றி வெட்டுதல் வேண்டும். வேலி மூங்கிலின் மெல்லிய கழியில் இக்குழி மிகச் சிறிது. இரிவியேரோரத்தின் கெட்டிக் கழியில் குழியே இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இது ஒன்றே தேர்வை முடிவு செய்யப் போதுமான காரணம்.

புயலையும் எண்ண வேண்டும். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரும்புயல் தாக்கியபோது பாரதியார் இந்நகரில் வாழ்ந்தார். அழிவின் நடுவே தப்பிய ஒரு தென்னந்தோப்பைப் பற்றி அவர் பாடினார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நகரின் பெருமரங்கள் பலவற்றை வீழ்த்திற்று. 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலில் காற்றைவிட மழையே மிகுதி. ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கிய மழை பெய்தது. மூங்கில் வளையும், ஒடியாது என்பது பாதி உண்மை. அதன் வேர்கள் ஆழம் செல்வதில்லை. மேல்மண்ணிலேயே வலைபோல் பரவுகின்றன. ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்த நெடிய புதரை, ஊறிப்போன மண்ணில், காற்று அடியோடு புரட்டிவிடவும் கூடும். நிழல் சாய்க்கும், சாய்வு வீழ்த்தும். குட்டையான வகையைக் கொள்வதற்கு இது மற்றொரு காரணம். ஐப்பசிக்கு முன் முதிர்ந்த கழிகளைக் களைந்து, தலையைக் கத்தரித்து வைத்தல் நன்று.

பாடைக்கு உதவும் மூங்கில் வீட்டில் வளர்தல் ஆகாது என்று முதியோர் தடுப்பதுண்டு. பந்தற்காலும் மூங்கில், தொட்டிலும் முறமும் மூங்கில் என்று மறுமொழி கூறலாம். சீகாழிக்கு வேணுபுரம் என்று ஒரு பெயர் உண்டு, திருநெல்வேலி வேணுவனம், அங்கே இறைவனே மூங்கிற்காட்டில் வெளிப்பட்டான் என்பது தலபுராணம். ஆயினும் முதியோரின் மனக்குறையை வாதத்தால் வெல்லுதல் எளிதன்று. விரற்பருமன் கழி பாடைக்குப் பயன்படாது என்று காட்டியபோது அமைதியடைந்தோர் உண்டு.

நடும் முறை குறித்து மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. மதிலிலிருந்து ஒரு மீட்டரேனும் தள்ளி, செடிக்குச் செடி முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் விட்டு நடலாம். கிணறு, கழிவுநீர்த் தொட்டி இரண்டுக்கும் அருகில் வேண்டா. ஆடியில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கிணற்றுநீர் உவர்ப்பாயின் இலைநுனி கருகும். அத்தகைய வீட்டார் மழைநீரைச் சேமித்து வார்த்தலே வழி. உதிர்ந்த சருகை அடியிலேயே விட்டுவிட வேண்டும். அதனினும் சிறந்த எரு அதற்கில்லை. முதலாண்டில் ஒன்றும் நிகழாததுபோல் இருக்கும். இரண்டாம் ஆண்டு மழைக்குப்பின் வரும் முளைகள் தாயைவிட உயரும். மூன்றாம் ஆண்டில் சன்னல் மறையும்.

அதன்பின் ஆண்டுதோறும், மூன்று வயது கடந்த கழிகளைப் புதரின் நடுவிலிருந்து களைந்தெடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் ஒளியும் காற்றும் உட்புகும். வெட்டிய கழிகள் மெல்லியன. கொல்லையின் வெயில் விழும் மூலையில் அவரைக்கும் புடலைக்கும் அவை கொழுகொம்பாகும்.